இடது கைப் பிடி

கராஜில் கோல்ஃப் பழகிக்கொண்டிருந்த என் கணவரின் கையிலிருந்து மட்டை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் என்னை டப்ளினில் எங்கள் பழைய வீட்டுக்கு இழுத்துப்போனது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஆபீஸ் நண்பர்களோடு ஆடுவதற்காக அம்மா கோல்ஃப் கற்றுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலைகளில் கராஜில் ரப்பர் விரிப்பின் வாடையும் அப்பாவின் காபி மணமும் கலந்திருக்கும். மட்டை அடிக்கடி அவள் இடது கையிலிருந்து நழுவும்.

“கிரிப்பே சரியில்ல. பேசிக்ஸ்லேர்ந்து ஆரம்பி” என்பார் அப்பா.

அம்மா புதுக் கையுறை வாங்கினாள். கோச் காட்டியபடி ஒவ்வொரு விரலாக மடக்கிப் பழகினாள். ஆனாலும் பிடி தளர்ந்துகொண்டே போனது. ஒருநாள் என் ஜாக்கெட் ஜிப்பை அவளால் இழுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அப்பா பேசிக்ஸ் பற்றிப் பேசவேயில்லை.

டாக்டர் தன் இரண்டு விரல்களை அம்மாவின் இடது கையில் வைத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். சற்றுப் பொறுத்து மறுபடியும் சொன்னார்.

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். “பிடிச்சுட்டுதானே இருக்கேன்.”

கையில் தொடங்கிய அந்த நரம்பு நோயில் இரண்டு வருஷத்தில் அம்மா போய்விட்டாள்.

“கை வேர்த்துடுச்சு, அவ்ளோதான்” என்று சிரித்தபடி கணவர் மட்டையை எடுக்கக் குனிந்தார்.

“அது கிடக்கட்டும்” என்றேன். “கையைக் குடுங்க.”