கையின் நிறம்

இறந்துபோன தங்கையின் முதல் வருடப் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டியிருந்தது. மாதா கோயிலை விட்டு வெளியே வருகிறவர்கள் கையில் கொடுப்போமே, ஒரு பக்கம் படமும் மறுபக்கம் செபமுமாக, அந்த அட்டை. கருமத்தம்பட்டியில் ஒரு ஸ்டுடியோவில், வீட்டில் இருந்த ஒரே படமான அவளுடைய ஆதார் அட்டையின் கறுப்பு வெள்ளை நகலைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் தயார் செய்து காட்டியதில், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு யாரோ ஒரு சிவப்பான பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுள்ளென்று வந்தது.

“என்னுங்க இது? இது எந்தங்கச்சியே இல்லீங்களே!”

“எல்லாருக்கும் கொஞ்சம் கலர் ஏத்தித்தானுங்க குடுப்போம். இதுவரைக்கும் ஒருத்தரும் கொறை சொன்னதில்லீங்க” என்றார் ஸ்டுடியோக்காரர்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் பக்கம் செத்துப்போனவர்கள் எல்லோரும் சிவப்புதான். அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது அம்மாகூட, “நல்லாத்தான இருக்குது” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

என் தங்கை கறுப்பு. நல்ல கறுப்பு. முப்பது தாண்டியும் அவளுக்குக் கல்யாணம் அமையாததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் மிக்சரைத் தின்று, காப்பியைக் குடித்து, “கலந்து பேசிப்போட்டுச் சொல்றமுங்க” என்று எழுந்து போவார்கள். அதோடு சரி. அவள் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போவாள். கடைசியில் டெங்குக் காய்ச்சல் வந்து, ஒரே வாரத்தில் போய்விட்டாள். துக்கத்துக்கு வந்த ஒரு அம்மாள் சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, “தங்கமான புள்ள, கலருதான் கொஞ்சம் கம்மி” என்றாள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அட்டையிலாவது அவள் அவளாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

தறி ஓட்டுகிறவனுக்குக் கம்ப்யூட்டரில் என்ன தெரியும்? பீளமேட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டோ எடுக்கவும் எடிட்டிங் செய்யவும் கற்றுத்தருகிற ஒரு வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். சுற்றிலும் காலேஜ் பிள்ளைகள். மவுஸ் என் பேச்சைக் கேட்பேனா என்றது. டியூப்லைட்டில் எடுத்தால் ஒரு நிறம், சாயங்கால வெயிலில் எடுத்தால் ஒரு நிறம், அதைச் சரிக்கட்டுவது எப்படி என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே ஆளுக்கு இத்தனை நிறம் உண்டென்று பெண் பார்க்க வந்த ஒருத்தனுக்காவது தெரிந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன்.

கை ஓரளவு பழகியதும் தங்கையின் போனில் இருந்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தேன். எல்லாம் அவளே எடுத்த செல்ஃபி. ஒன்று விடாமல் அத்தனையிலும் முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டர். ஸ்டுடியோ செய்த வேலையை அவள் உயிரோடு இருக்கும்போதே செய்து வைத்திருந்தாள்.

வகுப்பெடுத்த பெண்ணிடம் கேட்டேன். “இதுல பழைய கலரைத் திருப்பிக் கொண்டார முடியாதுங்களா?”

“எடுக்கறப்பவே ஃபில்டரோட பதிஞ்சிருச்சுங்ண்ணா. அடியில வேற படம் இல்லீங்ண்ணா.”

அத்தனை பேர் நடுவிலும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரையைப் பார்த்தபடியே இருந்தேன். கோயில் திருவிழாவில் எடுத்த ஒரு படத்தில் காற்றுக்குப் பறந்த முடியை அவள் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. கை கறுப்பாகவே இருந்தது. ஃபில்டருக்கு முகத்தை மட்டும்தான் கண்டுபிடிக்கத் தெரியும் போலிருக்கிறது. கையை அது விட்டுவிட்டது.

அந்தக் கையிலிருந்து நிறத்தை எடுத்தேன். நெற்றி, கன்னம், மூக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் ஏற்றினேன். அதற்கே இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஒரு நாள் சாயங்காலம், விளக்குப் போடும் நேரத்தில், என் தங்கை திரையில் வந்து நின்றாள். நான் பெருமையோடு அதைப் போனில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அம்மா போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். ஸ்டுடியோ படத்துக்கு வராத அழுகை இதற்கு வந்தது.

“எம்புள்ளைதான் சாமி. அப்படியே இருக்கறா.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

“ஆனா இத அட்டையில போட்டுறாத கண்ணு. ஊரே கையில வெச்சுப் பாக்கும். செத்ததுக்கப்பறமும் எம்புள்ளையப் பொண்ணு பாக்க உடாத.”

மறுநாள் கருமத்தம்பட்டிக்குப் போனேன். ஸ்டுடியோ படத்தையே அச்சுக்குக் கொடுத்தேன். பூசை முடிந்து அட்டையை வாங்கிப் பார்த்தவர்கள் படம் நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்கள்.