வியாழக்கிழமையே தொடங்கும் ஞாயிறு

டோக்கனைக் கிழித்து நீட்டும்போது அமலோற்பவத்தின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தால் அன்று வியாழக்கிழமை. ஒரு பாதியை வண்டியின் கைப்பிடியில் செருகுவார், மறுபாதியை நம் கையில் வைப்பார். கண் மட்டும் மேசைமேல் விரித்த பைபிளிலேயே இருக்கும்.

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட டூவீலர் ஸ்டாண்டு அவருடையது. கடலூருக்கு வேலைக்குப் போகும் நான் தினமும் ஸ்கூட்டரை அங்கேதான் விடுகிறேன். அமலோற்பவம் ஐம்பதைத் தாண்டியவர். சேலைக்கு மேல் ஒரு காக்கிச் சட்டை, கழுத்தில் ஜெபமாலை, சட்டைப் பையில் விசில். சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தினால் விசில் பறக்கும். "என்னா சார், ரெண்டு வண்டி எடத்துல ஒரு வண்டிய படுக்க வச்சிருக்கீங்க?"

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிளிலிருந்து இரண்டாம் வாசகம் படிப்பவர் அவர். பல வருஷமாகப் படிக்கிறார், இன்னும் பழகவில்லை. அதனால்தான் வியாழக்கிழமையே எடுத்துப் பார்த்துக்கொள்கிறார். பார்ப்பதோடு விடுவதில்லை, அதில் சொன்னதைச் செய்துவிட்டுத்தான் மேடை ஏறுவார். செய்யாததைச் சத்தமாகப் படிக்க அவருக்குப் பயம்.

"ஆண்டவரு அடிச்சிடுவாருன்னு பயம் இல்ல சார். அவரு மொகம் வாடிப் போயிடுமேன்னுதான் பயம்."

பக்கத்து டீக்கடைக் கொளஞ்சி மாரியம்மனுக்குத் தீ மிதிப்பவர். ஆனாலும் வாரம் தவறாமல் கேட்பார்: "இந்த வாரம் என்னாக்கா பாடம்?" தெரிந்து வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. பிறரைத் தீர்ப்பிடாதே என்று வந்த வாரம், குறுக்கும் நெடுக்குமாக நிறுத்தியவர்களை அமலோற்பவம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் வண்டியை வெளியே எடுக்க நாங்கள் பட்ட பாடு! விருந்தோம்பல் வந்த வாரம் ஸ்டாண்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ. கொளஞ்சிக்கு அது நல்ல வாரம்.

ஓர் ஆடி மாத வியாழக்கிழமை, கொளஞ்சி கேட்டதுமே அமலோற்பவம் பைபிளை மூடி ஓரமாக வைத்தார். மனக்கசப்பையும் கோபத்தையும் விட்டு ஒருவரையொருவர் மன்னிக்கச் சொல்லும் பகுதி அது.

அவருடைய நாத்தனார் செலின் சேத்தியாத்தோப்பில் இருக்கிறார். மாமியார் படுக்கையில் கிடந்த காலமெல்லாம் கழுவித் துடைத்து, கஞ்சி ஊட்டிப் பார்த்துக்கொண்டவர் அமலோற்பவம். அந்த அம்மாள் இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், உறவுக்காரர்கள் முன்னால் செலின் சொன்னார்: "பாத்துக்கற மாதிரி பாத்திருந்தா எங்கம்மா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாங்க." அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"இந்த வாட்டி வேற யாரையாச்சும் படிக்க வச்சிக்குங்கன்னு சாமியாருகிட்ட சொல்லிடறேன்" என்றார் அமலோற்பவம்.

ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் ஆரோக்கியராஜ் தலை நிமிராமலே கேட்டார்: "சரி, படிக்க வேணாம். பெஞ்சுல ஒக்காந்து கேக்கத்தான போற? காத எங்க வச்சிட்டு வருவ?"

சனிக்கிழமை மத்தியானம் நான் வந்தபோது கொளஞ்சிதான் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். "அக்கா சேத்தியாத்தோப்பு பஸ் ஏறிடுச்சி சார்."

அங்கே நடந்ததை அமலோற்பவம் பிறகு என்னிடம் சொன்னார். என்ன பேசுவது என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாராம். செலின் கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. "வெயிலு ஜாஸ்தியா இருக்குது. தண்ணி குடு செலினு" என்றுதான் வாயில் வந்தது. செலின் சொம்பை நீட்டினார். பிறகு அடுப்படிக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. கடைசியில் சோறு போட்டு, குழம்புச் சட்டியில் துழாவி மீன் தலையை எடுத்து அண்ணியின் தட்டில் வைத்தார்.

"எங்கம்மாவும் தலையத்தான் கேக்கும்" என்றார்.

"முள்ளு எடுத்து நாந்தான ஊட்டுவேன்."

"தெரியும் அண்ணி."

சாப்பிட்டுக் கை கழுவி, ஞாயிறு பூசையில் தான் படிக்கப்போவதைச் சொல்லிவிட்டுக் கிளம்பினாராம்.

"மன்னிப்பு கேட்டாங்களா?" என்று நான் கேட்டேன்.

"அவ கேக்கணும்னு வாசகத்துல எங்க இருக்குது? என் கோவத்த நான் எறக்கி வைக்கணும்னுதான் இருக்குது. திரும்பி வரசொல்ல பஸ்ஸுல அப்படித் தூங்கிட்டேன் சார். கண்டக்டரு எழுப்பி எறக்கி வுட்டாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். முதல் வரியில் அவர் குரல் இடறியது. பிறகு நேராகிக் கடைசிவரை தெளிவாகப் போயிற்று. பீடத்தை வணங்கி, மேடையிலிருந்து இறங்கி, பெண்கள் பக்கத்தில் தன் இடத்துக்கு வந்தார். பக்கத்தில், காலையில் முதல் பஸ் பிடித்து வந்திருந்த செலின். அல்லேலூயா பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள். எழுந்த வேகத்தில் செலினின் முக்காடு நழுவியது. அமலோற்பவம் பீடத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, அதை இழுத்து நாத்தனாரின் தலையில் போட்டுவிட்டார்.