நூற்றெட்டுத் தேங்காய்

மாண்ட்ரியாலின் பியர்பொன்ட்ஸில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் வீட்டுக் கீழ்த்தளத்தில் மூன்று வருடம் குடியிருந்தேன். என் அறைக்கு இருந்த ஒரே ஜன்னல் டிசம்பரிலிருந்து மார்ச் வரை பனிக்குள் புதைந்து கிடக்கும். வேலூர்ப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவள் நான். கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது என்பதற்காக இப்படியொரு குளிரில் வந்து மாட்டிக்கொண்டேனே என்று தினமும் பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னையே திட்டிக்கொள்வேன். அந்தத் திட்டெல்லாம் சாயங்காலம் மாடியிலிருந்து "தங்கச்சி, மேல வாரும், பிட்டு அவிச்சிருக்கிறன்" என்று வீட்டுக்கார அக்கா கூப்பிடும் வரைக்கும்தான்.

அக்கா ஒரு கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமையல் வேலை பார்த்தார். நாள் முழுக்க அங்கே பிரெஞ்சு, வீட்டில் பிள்ளைகளோடும் பாதிப் பிரெஞ்சு. அதனால் தமிழில் பேச ஆள் கிடைத்தால் விட மாட்டார். குடிவந்த முதல் நாளே கேட்டார்.

"உம்மட அப்பா என்ன செய்யிறவர்?"

"போஸ்ட் ஆபீஸ்ல இருந்தார் அக்கா. ரிட்டயர் ஆயிட்டார்" என்றேன்.

பச்சைப் பொய். என் அப்பா ராணுவத்தில் இருபத்தாறு வருடம் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருந்தார்கள். அங்கே அதைப் பெருமையாகச் சொல்வோம். ஆனால் இந்தியன் ஆமி யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தைப் பற்றி அக்கா எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. அவர் மனம் நோகக்கூடாது என்றுதான் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பா யாழ்ப்பாணத்துக்குப் போனதே இல்லை. அவர் இருந்தது வடகிழக்கில், ஒரு மலை மாநிலத்தில். நான் மறைத்த காரணமும் அங்கேதான் இருந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா மேல் ஒரு வழக்கு இருந்தது. அந்த மலைக் கிராமத்தில் தேடுதல் வேட்டையின்போது ஒரு இளைஞனை அழைத்துப் போனார்கள், பிறகு அவன் பிணமாகக் கிடைத்தான், அவனுடைய தாய் கோர்ட்டுக்குப் போனாள் என்பதெல்லாம் பின்னால் நானாகச் சேர்த்துத் தெரிந்துகொண்டது. அப்போது எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "பொய்க் கேசு", அவ்வளவுதான். மாவட்ட விசாரணையில் அப்பாவோடு சேர்த்து நான்கு பேர் மேல் குற்றம் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்த மாநிலத்தில் இருந்த சிறப்புச் சட்டப்படி, மத்திய அரசு அனுமதி கொடுத்தால் ஒழிய ராணுவத்தார் மேல் வழக்கு நடத்த முடியாது. அனுமதி வருமா வராதா என்று எங்கள் வீடு இரண்டு வருடம் சரியாகச் சோறு தின்னவில்லை. அனுமதி வரக்கூடாது என்று தெருமுனைப் பிள்ளையாருக்கு அம்மா நூற்றெட்டுத் தேங்காய் வேண்டிக்கொண்டாள்.

கடிதம் வந்தது. அனுமதி மறுக்கப்பட்டது. அம்மா அந்தத் தாளைச் சாமி படத்தின் முன்னால் வைத்து விழுந்து கும்பிட்டாள். மறுநாள் காலை இரண்டு சாக்குத் தேங்காயோடு கோயிலுக்குப் போனோம். எண்ணுகிற வேலை எனக்கு. அறுபதுக்கு மேல் எண்ணிக்கை தப்பிவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று கடைசியில் ஒன்று கூடுதலாக உடைத்தோம். தெருப் பிள்ளைகள் சில்லுக்கு முண்டியடித்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு வாரம் சட்னி, துவையல், தேங்காய் பர்பி. பள்ளிக்கூடத்துக்குக் கூடப் பர்பி கொண்டுபோய் எல்லாருக்கும் கொடுத்தேன். செத்துப்போனவன் யார், அவன் பேர் என்ன என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட நான், மாண்ட்ரியாலில் அக்கா வீட்டு மேசையில் உட்கார்ந்து இலங்கை ராணுவத்தைக் கிழி கிழியென்று கிழிப்பேன். அவசரகாலச் சட்டம் என்று ஒன்றைப் போட்டுவிட்டால் மனிதனைக் கொல்லலாமா, கேள்வி கேட்பாரே கிடையாதா என்று நான் போடுகிற கூச்சலில் விருந்தாளிகள் கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தியாவிலிருந்து வந்த பிள்ளைக்கு எங்கள் மேல் எவ்வளவு பாசம் என்று அவர்கள் மெச்சுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு இன்னொரு தோசை போட்டுக்கொள்வேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு நாள் அக்கா கையில் ஒரு கடிதத்தோடு கீழே இறங்கி வந்தார். அவர் என் அறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லும். மகனட்டக் குடுத்தா வாசிப்பான். ஆனா பிள்ளையளுக்கு இது தெரிய வேண்டாம்."

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வக்கீல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அக்காவுக்கு ஒரு தம்பி இருந்ததே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஊரை ராணுவம் பிடித்த அடுத்த வருடம், அக்காவைச் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்த தம்பியைச் சந்தியில் இருந்த ராணுவச் சென்ட்ரியில் மறித்திருக்கிறார்கள். ஒரு அதிகாரி, நல்ல மரியாதையாக, உடைந்த தமிழில், "ரெண்டு நாளில விடுவம்" என்று சொல்லிக் கூட்டிப்போயிருக்கிறான். அக்கா அந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். அதற்குப் பிறகு தம்பியை யாரும் பார்க்கவில்லை. இப்போது சண்டை நிறுத்தம் இருப்பதால் அந்த அதிகாரி மேல் வழக்குப் போடச் சொல்லி அரசுத் தரப்பைக் கேட்கலாம், அதற்குக் கண்ணால் பார்த்த சாட்சியின் சத்தியக் கடதாசி, அதாவது பிரமாணப் பத்திரம், வேண்டும், பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று வக்கீல் எழுதியிருந்தார். கடைசிப் பத்தியில் ஓர் எச்சரிக்கை. அன்றைக்கு நடப்பில் இருந்த அவசரகால விதிகளின்படி, நல்லெண்ணத்தோடு கடமையைச் செய்த படையினர் மேல் வழக்குத் தொடர முடியாது. அதைத்தான் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்.

"நல்லெண்ணமோ?" என்றார் அக்கா. "என்ர தம்பியைக் கொண்டுபோனது நல்லெண்ணமோ?"

எங்கள் நாட்டுச் சட்டத்துக்கு நல்லெண்ணம் கூடத் தேவையில்லை, டெல்லியிலிருந்து ஒரு தாள் வராமல் இருந்தால் போதும் என்று என் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"அவனைக் கோட்டில ஏத்தினா முருகனுக்கு நூற்றியெட்டுத் தேங்காய் உடைக்கிறனெண்டு நேத்தி வைச்சிருக்கிறன்" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. "இஞ்ச அத்தினை தேங்காய் அடிக்க விடுவினமோ தெரியாது. குப்பையெண்டு கொம்ப்ளெயின்ட் பண்ணினாலும் பண்ணுவாங்கள்."

நான் சிரிக்கவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

சத்தியக் கடதாசியை நான் தட்டச்சு செய்வது என்று முடிவானது. அது எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு என்ன தெரியும்? ஒரு சனிக்கிழமை காலை அப்பாவுக்குப் போன் போட்டேன். அங்கே மாலை நேரம். ஒரு தோழி வீட்டு விஷயம், ராணுவத்தின் மேல் சாட்சி சொல்கிறார்கள், எதை வைத்துத் தள்ளுபடி செய்வார்கள் என்று கேட்டேன். எந்த நாடு என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அப்பாவுக்கு ஒருவர் யோசனை கேட்டால் உற்சாகம் பொங்கிவிடும்.

"மொதல்ல கிழமையச் சரி பாக்கச் சொல்லும்மா. வெளிச்சம் இருந்துச்சா, எத்தன அடி தூரத்துல பாத்தாங்க, யூனிபாரத்துல என்ன பட்டை இருந்துச்சு, எல்லாம் எழுதணும். ஆனா கிழமைதான் முக்கியம். எங்க விஷயத்துலயே அந்தப் பையனோட அம்மா, சந்தைக்குப் போயிட்டு வரும்போது பாத்தேன்னு சொல்லிடுச்சு. அவங்க சொன்ன தேதியில சந்தையே இல்ல. அத வெச்சே எங்க ஆபீசர் ரிப்போர்ட் எழுதிட்டார், அனுமதி தர வேணாம்னு."

"அப்ப அவங்க பாக்கவே இல்லையாப்பா?"

"பாத்துச்சு. வாசல்ல தறி முன்னாடிதான உக்காந்திருந்துச்சு. நாள்தான் தப்பு" என்றார். பிறகு, பனி பெய்கிறதா, காலுக்கு நல்ல ஷூ வாங்கினாயா என்று கேட்டார். பெய்கிறது, வாங்கிவிட்டேன் என்றேன். பதினைந்து வருடமாக "பொய்க் கேசு" என்று ஒரு வீடே நம்பியது இரண்டு வாக்கியத்தில் முடிந்துபோயிற்று. நான் சண்டை போட்டிருக்க வேண்டும். எடுத்ததற்கெல்லாம் கோபப்படுகிறவள் என்று பெயர் வாங்கியவள், போனை வைத்துவிட்டு அவர் சொன்ன குறிப்புகளை மறக்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

அந்தக் குறிப்புகள் பலித்தன. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது பிடித்தார்கள் என்று அக்கா சொல்லியிருந்தார். பழைய காலண்டரைக் கம்ப்யூட்டரில் எடுத்துப் பார்த்தால் அந்தத் தேதி புதன்கிழமை. அக்கா நெற்றியில் கை வைத்து யோசித்தார்.

"ஓம், ஓம். புதன்தான். சங்கக் கடையில மா வாங்கிக்கொண்டு வந்தனாங்கள். வெள்ளிக்கிழமை நான் கோயிலில போய் விழுந்து அழுதது. ரெண்டு நாளெண்டு சொன்னவன் விடேல்லையெண்டு." எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தினேன். வெளிச்சம், தூரம், பட்டை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கேட்டு எழுதினேன். சத்தியம் செய்து கையெழுத்து வைத்த அன்றைக்கு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வக்கீல் கூட இப்பிடிக் கேக்கேல்ல. ஆர் உமக்கு இதெல்லாம் சொல்லித் தந்தது?"

"எங்கப்பாதான்" என்று உளறிவிட்டேன்.

"போஸ்ட் ஓபீஸில இருந்தவருக்கு இவ்வளவு தெரியுமோ! நல்ல மனுசன்."

அந்த வெள்ளிக்கிழமை அக்காவின் கணவர் எங்களை டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் முருகன் கோயிலுக்குக் காரில் கூட்டிப்போனார். வாசலில் பனிச் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. ஈரக் காலுறையோடு உள்ளே போனோம். தம்பி பேருக்கு ஓர் அர்ச்சனை, அது முடிந்ததும் அக்கா இரண்டாவது தட்டை ஐயரிடம் நீட்டி என்னைப் பார்த்தார். "தங்கச்சி, அப்பான்ர பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லும்."

வேண்டாம் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஐயர் காத்திருந்தார், பின்னால் வரிசை நின்றது. பேரைச் சொன்னேன். "அனுஷம்" என்றேன். அவர் அதை மந்திரத்தில் சேர்த்துச் சத்தமாகச் சொல்ல, அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டார். திருநீற்றைக் காகிதத்தில் மடித்து, ஊருக்கு அனுப்பும் என்று என்னிடம் தந்தார். நான் அனுப்பவில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. பாஸ்போர்ட்டுக்குள் வைத்தேன். கோட்டு மாட்டும் இடத்தில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டுகிற சாக்கில் அழுதேன்.

அந்த வருடமே அங்கே மறுபடி அவசரகாலச் சட்டம் வந்தது. அடுத்த தைப்பொங்கல் கழிந்து சில நாளில் வக்கீலின் கடிதமும் வந்தது. இந்தத் தடவை அக்கா மேலேயே கூப்பிட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள், எனக்கு அன்று லீவு. சாட்சியத்தில் குறை எதுவும் சொல்லவில்லை. கிழமை, வெளிச்சம், தூரம் எல்லாம் சரி. ஆனாலும் அதிகாரி அன்றைய விதிகளின் கீழ் நல்லெண்ணத்தோடு கடமையைச் செய்தவர் என்பதால் வழக்குத் தொடர அரசுத் தரப்பு மறுத்துவிட்டது. அந்த வரியைத் தமிழில் சொல்லும்போது என் குரல் எனக்கே அம்மாவின் குரலாகக் கேட்டது. அவள் இதே மாதிரி ஒரு வரியை எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் நின்று, சிரிப்பும் அழுகையுமாக, மூன்று முறை வாசித்தாள்.

அக்கா அழவில்லை. அடுப்பில் இருந்த தேத்தண்ணிக் கேத்தலை இறக்கினார்.

"அவன்ட வீட்டுக்கும் இப்பிடியொரு கடிதம் போயிருக்கும், என்ன?"

"ம்."

"பாற்சோறு காய்ச்சி அயலட்டைக்கெல்லாம் குடுத்திருப்பினம்." அதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி என்னைப் பார்த்தார். "அவனுக்கும் பிள்ளையள் இருக்கும்தானே, தங்கச்சி. அதுகளில ஒண்டாவது கேட்டிருக்குமே, அப்பா நீங்கள் ஆரைக் கொண்டுபோனனீங்கள் எண்டு?"

"கேட்டிருக்க மாட்டாங்க அக்கா" என்றேன்.

யோசிக்காமல், சட்டென்று வந்த பதில். அக்கா கேத்தலைப் பிடித்த கையோடு நின்றுவிட்டார்.

"அதெப்பிடி உமக்குத் தெரியும்?"

மேசையில் கடிதம் விரித்தபடி கிடந்தது. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது, அதற்குப் பிறகும் வாய்க்கவில்லை.

"சும்மா தோணுச்சு அக்கா" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு என் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினார்.