சோபாவில் நடந்த தேர்வு

போன மாதம் அனுபவச் சான்றிதழ் ஒன்று வாங்குவதற்காகக் கோவில்பட்டிக்குப் போனேன். கல்லூரி முடித்த கையோடு மூன்று வருடம் நான் வரவேற்பில் உட்கார்ந்திருந்த தனியார் பள்ளி. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் அந்த எலுமிச்சை வாசனை முகத்தில் அடித்தது. எலுமிச்சைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. டப்பாவின் மேல் பழத்தின் படம் இருக்கும், அவ்வளவுதான். அதே கறுப்பு ரெக்சின் சோபாக்கள். சேர்க்கைக்கு வந்த பெற்றோர் பத்துப் பேர். எல்லாம் அப்படியே இருந்தும் ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று பிடிபடச் சற்று நேரமானது. அதற்கு வருகிறேன். முதலில் இந்த வாசனையைச் சொல்லித் தொலைக்க வேண்டும்.

டப்பா வாங்கியது தாளாளரின் யோசனை. பிள்ளை சேர்க்க வரும் அம்மாக்களில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸ் வேலையிலிருந்து நேராக வருவார்கள். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பெயரே ஆபீஸ்தான். சேலையில் தீக்குச்சி மருந்தின் வாசனை ஒட்டியிருக்கும். அவர்கள் எழுந்து போனதும் நான் இரண்டு தடவை புஸ்ஸென்று அடிக்க வேண்டும். இத்தனைக்கும் அந்தப் பள்ளிக்கூடமே தீக்குச்சி மருந்தில் எழும்பியதுதான். தாளாளர் குடும்பத்துக்கு இரண்டு தீப்பெட்டி ஆபீஸ். மருந்தை விற்றவர் கமகமத்தார், தொட்டவள்தான் நாறினாள்.

என் உண்மையான வேலை வேறு. பெற்றோர் உள்ளே போவதற்கு முன் அரைமணி நேரம் அந்தச் சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். நான் கோப்பைப் புரட்டுகிறவன் போல எதிர்மேசையில் இருப்பேன். அவர்கள் தங்களுக்குள், பிள்ளைகளோடு, எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டும். விண்ணப்பத்தின் மூலையில் 'வீட்டுச் சூழல்' என்று ஒரு சின்னக் கட்டம். நல்ல பேச்சென்றால் பச்சைப் புள்ளி, இல்லையென்றால் சிவப்பு. இரண்டு பேனா கொடுத்திருந்தார்கள். உள்ளே எல்லோரும் ஒப்பித்துவிடுவார்கள் என்பதால் தேர்வை வெளியே சோபாவில் வைத்துவிட்டோம். இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்த தாளாளருக்கு என்ன பெருமை என்கிறீர்கள்! சந்திரனுக்கு ராக்கெட் விட்டவர்கூட அப்படி மீசையைத் தடவியிருக்க மாட்டார்.

அந்த வேலைக்கு என்னைவிடத் தோதான ஆள் கிடையாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். எனக்குச் சொந்த ஊர் கரிசல்காட்டு நாகலாபுரம். கல்லூரி விடுதியில் நான் "வாரேன்", "செய்யுதேன்" என்று சொன்னபோதெல்லாம் சிரித்தார்கள். ஆறே மாதம், தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துப் பார்த்து வாயைக் கழுவித் துடைத்து வெள்ளையடித்துவிட்டேன். ஊரில் அம்மாவிடம், "உணவு தயாராகிவிட்டதா?" என்று ஒருநாள் கேட்டேன். அவள் கரண்டியோடு திரும்பி, "யாருல நீ?" என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட மடையன் நான்.

அப்படிப்பட்டவனின் மேசை முன்னால்தான் சண்முகத்தாய் வந்து நின்றாள். புதூர்ப் பக்கத்துக் கிராமம். புருஷன் திருப்பூரில். அவள் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிறவள், குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாகச் செருகும் வேலை. நகக்கண்ணில் மருந்து, கையில் நாலு வயதுப் பெண்பிள்ளை. அவசரத்தில் என் வாய் சறுக்கியது. "அங்கன உக்காருங்க" என்றுவிட்டேன்.

அவள் முகம் மலர்ந்தது. "தம்பி நாகலாபுரத்துப் பக்கமோ? பேச்சு நம்ம பேச்சால்லா இருக்கு."

"இல்லை. நான் கோவில்பட்டிதான்."

"அப்பிடியா" என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சும்மா இல்லை. பிள்ளையின் காதில் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஏட்டி, உள்ள போயி நல்லாச் சொல்லணும், என்ன? சொல்லலன்னா நீயும் என் கூடக் கட்ட அடுக்கத்தான் வரணும் பாத்துக்க." பிள்ளை தலையாட்டிவிட்டு மூலையில் இருந்த மீன்தொட்டியைப் பார்த்து ஓடியது. "ஏட்டி, அங்கன போவாத! கண்ணாடி ஒடஞ்சா ஒங்கய்யனா திருப்பூருல இருந்து வந்து ஒட்டவைப்பான்? இங்கன வா!"

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

எதிர்ச் சோபாவில் மொத்த வியாபாரி ஒருவரின் மனைவி. வாசலில் கார். அவர் பையன் செருப்புக் காலோடு சோபாவில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான். "ஏலே, செவிட்டுல ஒண்ணு வச்சேன்னா தெரியும். சும்ம கெடல!" என்றார் அந்த அம்மாள், அறையே அதிர. நான் சிரித்தேன். மனசுக்குள் 'எவ்வளவு இயல்பான மனுஷி' என்றுகூடத் தோன்றியது. பச்சைப் புள்ளி.

இதை நான் தனியாகக் கற்றுக்கொள்ளவில்லை. தாளாளர் போனில், "ஏலே, லோடு ஏத்தியாச்சால?" என்று கத்தும்போது கட்டடமே கேட்கும். வந்தவர்கள், "ஐயா எவ்வளவு எளிமை! மண்ணை மறக்கவே இல்லை" என்று உருகுவார்கள். அவர் மறந்தால் என்ன, மறக்காவிட்டால் என்ன? வாசலில் காரை நிறுத்திவிட்டுப் பேசினால் அது மண்வாசனை. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து அதையே பேசினால் வீட்டுச் சூழல் சரியில்லை.

சண்முகத்தாய் உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினாள். நேராக என் மேசைக்கு வந்தாள்.

"தம்பி, உள்ள ஒண்ணு விடாமச் சொல்லிட்டோம். பிள்ள ஏபிசிடி, கலரு, நாளு, கிழம எல்லாம் டக்குடக்குன்னு சொன்னா. பணமும் கொண்டாந்திருக்கேன். அவிய என்னன்னா காயிதத்தையே பாக்காவ. அதுல ஒரு செவப்புப் புள்ளி இருக்கு. அது யாரு வச்சது?"

"முடிவை நாங்கள் உங்களுக்குத் தெரிவிப்போம்" என்றேன்.

அவள் மேசைமேல் கிடந்த இரண்டு பேனாக்களையும் பார்த்தாள். பிறகு என்னை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். நான் டப்பாவை எடுத்து அடித்தேன். இரண்டு தடவை போதும். அன்றைக்கு நாலு தடவை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, ஊருக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு சீட் தள்ளி அவள் குரல். பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மதினி, அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனியன்னா சோபாவுல வாயத் தொறக்காதிய. மேசையில ஒருத்தன் ரெண்டு பேனா வச்சிக்கிட்டு இருப்பான். நாம பிள்ளைய ஏசுததெல்லாம் எழுதுதான்."

"அட எடுபட்ட பய. எந்த ஊருக்காரனாம்?"

"ஊரு இல்லாத பய."

பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டரும்தான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கரிசல் காட்டு வழியே மீதித் தூரம் நடந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. செருப்பில் அப்பிய களிமண்ணோடு ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனத்தது. அடுத்த வாரமே வேலையை விட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. இன்னும் ஒன்றரை வருடம் புள்ளி வைத்தேன்.

போன மாதம் அந்த அறையில் குறைந்தது என்னவென்றால், சத்தம். பத்துப் பேர் இருக்கிறார்கள், ஒரு சொல் இல்லை. ஆளுக்கொரு போனைப் பிள்ளையின் கையில் கொடுத்து, ஒலியை அடக்கி வைத்திருந்தார்கள். ஒரு குழந்தை ஏதோ பேச வாயெடுத்தது. அதன் அம்மா உதட்டின் மேல் விரலை வைத்து, கண்ணால் என்னைக் காட்டினாள். என் கையில் கோப்பு இருந்தது. சட்டைப்பையில் பேனா.

அவள் நகக்கண்ணிலும் மருந்து இருந்தது. நான் அந்த ஆள் இல்லை என்று சொல்லலாமென்று பார்த்தால், நான்தான் அந்த ஆள். எப்படியாவது அவளைப் பேசவைத்துவிட வேண்டும் என்றிருந்தது. குனிந்து, வராத வாயை வரவழைத்து, "எக்கா, எந்த ஊரு? புதூருப் பக்கமா?" என்றேன். எனக்கே அது நாடகத்தில் பேசுவது போல் இருந்தது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து விரல்களை மூடிக்கொண்டாள்.

"இல்லை சார். நாங்கள் கோவில்பட்டிதான்" என்றாள், செய்தி வாசிப்பது போல.