தேவதாஸ் வெட்டியெடுத்த சுருதி

மேடையில் ஒரு பெண் பேசிக்கொண்டிருக்கிறாள். ஒலிபெருக்கி கீச்சென்று ஊளையிடுகிறது. நீங்கள் யாரைப் பார்த்து முகம் சுளிப்பீர்கள்? பெட்டியையா, அவளையா? அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். மலாய் நாட்டுக் காஜா பெராங்கில் ஒலிபெருக்கிக் கடை வைத்திருந்த தேவதாஸே அந்தக் கேள்வியில் ஒருமுறை தோற்றவன்.

தேவதாஸ் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவரின் மகன். உலகச் சண்டை முடிந்த மறுவருடம், பட்டாளத்தார் கழித்துப்போட்ட ரேடியோப் பெட்டி ஒன்றைச் சாக்கில் கட்டி வீட்டுக்குத் தூக்கி வந்தான். ஒரு வருடம் அதைத் தரையில் பரப்பி, விரல்களைச் சுட்டுக்கொண்டு, ஒவ்வொரு கம்பியும் எங்கே போகிறதென்று கற்றுக்கொண்டான். பிறகுதான் கடை. கல்யாணம், கருமாதி, தேர்தல், திருவிழா எல்லாவற்றுக்கும் அவன் ஒலிபெருக்கிக் கூம்புதான் கத்தும். சாமி இல்லை என்று சொல்பவன்தான். ஆனால் துக்காங் எமாஸ் சாலைப் பிள்ளையார் கோயிலில் கூம்பு கட்டும்போது, அதன் வாய் பக்கத்துப் பள்ளிவாசல் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்வான். "தொழுகிறவன் காதுல நம்ம மேளம் எதுக்கு?" என்பான்.

ஐம்பத்தேழாம் வருடம் ஜூன் மாதம் அவன் தோற்றான்.

ஆயர் குரோ பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கண்ணம்மா என்ற பெண் பிரசவ வலியில் கிடந்தாள். தோட்டத்து லாரி ஆபீஸ் வாசலிலேயே நின்றது. "பால் ஏத்துற லாரியில ஆள் ஏத்த முடியாது" என்று ஆபீஸ் கணக்கரான கிராணி கலியாணசுந்தரம் சாவியை மேசைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். கண்ணம்மா மாட்டு வண்டியில் போகும் வழியிலேயே செத்தாள், பிள்ளையும் செத்தது. அவளுடைய அக்காள் அன்னபூரணி, தொழிலாளர் கமிட்டிக் கூட்டத்தில் அதைச் சொல்ல மேடையேறினாள்.

அங்கே இரண்டு வழக்கங்கள் அவளுக்காகக் காத்திருந்தன. ஆண்கள் வாய் வைத்துப் பேசிய மைக்குக்கு அருகே பெண் வாயைக் கொண்டுபோகக் கூடாது, எச்சில். ஆகவே அவள் இரண்டு முழம் தள்ளி நின்றாள். மற்றது ஒலிபெருக்கிக்காரர்களின் வழக்கம்: ஆண் பேசினால் அடிச் சத்தத்தைக் கூட்டு, பெண் பேசினால் டிரெபிள் என்ற மேல்சத்தத் திருகை முழுக்க ஏற்றித் திருப்பு. தேவதாஸ் திருப்பினான். தள்ளி நின்ற குரல் எட்டவில்லையென்று மொத்தச் சத்தத்தையும் ஏற்றினான். கூம்பு ஊளையிட்டது. இன்னும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அவன் இன்னும் ஏற்றினான். மறுபடியும் ஊளை.

"ஏய், ரயிலு வந்திருச்சி, ஏறுங்கடா!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். திடலே சிரித்தது. செத்துப்போன தங்கையின் பெயரைக்கூட முடிக்காமல் அன்னபூரணி இறங்கிப் போனாள்.

கமிட்டிச் செயலாளர் சேதுபதி, "என்ன தேவா, மானத்த வாங்கிட்டியே?" என்று கேட்டபோது தேவதாஸ் சொன்ன பதில் இது: "நான் என்ன பண்ண? பொம்பளக் குரலு. மைக்குக்கு ஆகாது."

ஆகஸ்டில் இரண்டாவது கூட்டம் வைத்தார்கள். நகரம் முழுக்கச் சுதந்திரத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த நேரம். தொழிலாளர் இலாகா அதிகாரி மொழிபெயர்ப்பாளரோடு வருவதாக ஏற்பாடு. முதல்நாள் சனிக்கிழமை காலை, தேவதாஸ் பசியாறிக்கொண்டிருந்தபோது அன்னபூரணி கடை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, நாளைக்கு எனக்குப் பதிலா செயலாளரே தாள்ல எழுதிப் படிக்கப் போறாராம். எழுதினத எனக்குப் படிச்சுக் காட்டுனாரு. 'சில அலுவலர்களின் கவனக்குறைவு'ங்கறாரு. கிராணி பேரு அதுல இல்ல."

"ஏன் இல்லயாம்?"

"நாளைப்பின்ன கிராணி மூஞ்சில முழிக்கணுமாம். லாரி நின்னதப் பாத்தவுக எட்டுப் பேரு இருக்காக. முதல்ல ஒரு ஆளு பேரச் சொல்லிட்டா அவுகளும் வாயத் திறப்பாக. சொல்லலைன்னா யாரும் திறக்கமாட்டாக. நான் சொல்றேன்னா, 'ஒங் கொரலு மைக்குக்கு ஆகாதுன்னு தேவாவே சொல்லிட்டான்'ங்கறாரு. நீ சொன்னியாண்ணே?"

தேவதாஸ் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். "சொன்னேன்."

"அப்ப ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு நான் வாய மூடுன பெறகும் அது கத்திக்கிட்டே கெடந்துச்சே. அது யாரு கொரலு?"

பதினோரு வருடம் கம்பியோடு கிடந்தவனுக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. பள்ளிக்கூடம் போகாத பால்மரத் தொழிலாளிக்குத் தோன்றியது. படித்தவன், விவரம் தெரிந்தவன் என்று நாம் தலையில் தூக்கி வைப்பவர்களின் இலட்சணம் இவ்வளவுதான்.

அவள் போனதும் கூம்பைக் கொல்லையில் கட்டினான். மைக்குக்கு முன்னால் யாருமே இல்லை. சத்தத்தை ஏற்றினான். கூம்பு ஊளையிட்டது, அன்று கேட்ட அதே சுருதி. மைக்கை நகர்த்தி வைத்தான், ஏறக்குறைய அதேதான்.

ஒலி என்பது காற்றின் நடுக்கம். வேறு மாயம் எதுவும் இல்லை. விநாடிக்கு நூறு தடவை நடுங்கினால் தவிலின் அடிச் சத்தம். ஆயிரம், இரண்டாயிரம் தடவை நடுங்கினால் சீழ்க்கை. நம் பேச்சில் இவையெல்லாம் கலந்திருக்கின்றன. ஒவ்வொரு கூம்புக்கும் அதன் உலோகத்தையும் வடிவத்தையும் பொறுத்து ஒரு செல்லச் சுருதி உண்டு. அந்த நடுக்கத்தை மட்டும் அது மற்றவற்றைவிட உரக்கக் கத்தும். அந்தக் கத்தல் மைக்குக்குள் திரும்பிப் போகும், இன்னும் பெருகி வெளியே வரும், மறுபடி உள்ளே போகும். ஊளை அப்படித்தான் பிறக்கிறது. இதில் ஆண் எங்கே, பெண் எங்கே?

டிரெபிள் திருகை முழுக்கக் குறைத்துப் பார்த்தான். ஊளை நின்றது. ஆனால் பேச்சு, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மழுங்கிவிட்டது. பேச்சின் கூர்மையெல்லாம் மேல்நடுக்கத்தில்தானே இருக்கிறது! ஒரு பல் வலிக்கிறதென்று தாடையையே பெயர்த்தால் எப்படி? அந்த ஒரு சுருதியை மட்டும் பிடுங்க வேண்டும்.

சுருதியைப் பிடிக்க ஆள் வேண்டுமே. தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழர் குடியிருப்பான கம்போங் செட்டியில் தம்பிராஜா இருந்தான். கல்யாண வீடுகளில் மலாய்ப் பாட்டுக்குப் பிடில் வாசிக்கிறவன். பிள்ளையாருக்குத் தவறாமல் தேங்காய் உடைப்பான். தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். ஊளையைக் கேட்டதும் அவன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "உன் கூம்புக்குப் பேய் பிடித்திருக்கிறது. பூசாரியைக் கூப்பிடு, என்னை ஏன் கூப்பிட்டாய்?" என்று மலாயில் கேட்டான்.

"பேயை ஓட்டத்தான் கூப்பிட்டேன். வில்லை எடு."

தம்பிராஜா தந்தியில் விரலை மேலே மேலே நகர்த்தினான். ஓரிடத்தில் பிடிலும் ஊளையும் ஒன்றாயின. "இனி டியா!" என்று கத்தினான், இதுதான் என்று.

தேவதாஸ் பழைய ரேடியோவிலிருந்து எடுத்த செம்புக் கம்பிச் சுருளையும் மின்னைத் தேக்கும் கண்டென்சர் ஒன்றையும் இணைத்துப் பெருக்கிப் பெட்டியில் ஈயத்தால் பற்றவைத்தான். சுருளும் கண்டென்சரும் பொருந்திவிட்டால், ஒரே ஒரு நடுக்கத்தை மட்டும் அவை உறிஞ்சித் தரைக்கு அனுப்பிவிடும். எந்தக் கண்டென்சர் பொருந்தும் என்பதுதான் பாடு. ஒன்று பற்றவைப்பான், தம்பிராஜா வாசிப்பான், சுருதி சாகாது. கழற்றுவான், வேறொன்று. பதினாறாவதில் அந்த ஒரு சுருதி கூம்புக்குள்ளேயே அமுங்கியது. மேலும் கீழும் இருந்த சுருதிகள் தெளிவாக ஒலித்தன. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினான்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குத் திடல் நிறைந்துவிட்டது. அதிகாரியும் மொழிபெயர்ப்பாளரும் மேடையோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கிராணி கலியாணசுந்தரம் முன்வரிசையில் வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தார். பத்து வரிசை தள்ளி, பால்மரத்துப் பெண்கள்.

"அது என்ன டின்னு?" என்றார் சேதுபதி.

"கீச்சு மட்டும் தின்னும். நேத்து விடிஞ்சதுலருந்து அதுக்குத்தான் பசி."

"விளையாடாத தேவா. நான்தான் படிக்கிறேன். அதிகாரி முன்னாடி இன்னொரு ரயிலு வேணாம்."

"பொம்பளக் குரலு ஆகாதுன்னு நான்தானே சொன்னேன், செயலாளரே? தப்பா சொன்னேன். இப்ப நானே மாத்திச் சொல்றேன்."

"அடுத்த விசேஷத்துக்கு வேற ஆளப் பாத்துக்குவோம். தெரியும்ல?"

"பாத்துக்குங்க" என்ற தேவதாஸ் மைக்கைத் தட்டி, "இப்ப அன்னபூரணி பேசுவாங்க" என்று திடலுக்கே அறிவித்துவிட்டான். அதிகாரியின் முன்னால் சேதுபதியால் பல்லைக் கடிக்கத்தான் முடிந்தது.

அன்னபூரணி ஏறினாள். ஏறியவள் பழக்கத்தில் இரண்டு முழம் தள்ளியே நின்றாள். வாயசைந்தது; சத்தம் எட்டவில்லை. தேவதாஸ் கொஞ்சம் ஏற்றினான். டின் ஒரு ஊளையைத்தான் தின்னும். இப்போது வேறொரு சுருதி, அடித்தொண்டையில் முனகுவதுபோல், மெல்லப் பருக்கத் தொடங்கியது.

"ரயிலு!" என்றான் ஒருவன். சிரிப்பு பரவியது. முன்வரிசையில் கிராணியும் சிரித்தார்.

பக்கத்தில் நின்ற சேதுபதியின் கை வழக்கம்போல் டிரெபிள் திருகுக்குப் போனது. தேவதாஸ் அந்த மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு மேடையைப் பார்த்துக் கத்தினான்: "கிட்ட வா தங்கச்சி! ஒரு சாண்!"

"அடியே, எச்சிலுடி!" என்றாள் பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி.

அன்னபூரணி கிழவியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முன்னால் வந்தாள். வந்துகொண்டே சொன்னாள்: "காட்டுல ஒரே வாளித் தண்ணிய ஒம்போது பேரு குடிக்கிறோம். அப்ப வராத எச்சிலு இப்பத்தான் வருதாக்கும்?"

திடல் முழுவதும் தெளிவாகக் கேட்ட முதல் வாக்கியம் அதுதான். இந்தமுறை சிரிப்பு அவள் பக்கம் இருந்தது. தேவதாஸ் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தான். முனகல் செத்தது.

"என் தங்கச்சி பேரு கண்ணம்மா. லாரி நின்னுச்சு. சாவியப் பூட்டுனது கிராணி கலியாணசுந்தரம். அந்தா, அங்க உக்காந்திருக்காரு."

பெயரின் ஒவ்வோர் எழுத்தும் திடலின் கடைசி மரம்வரை போனது. மொழிபெயர்ப்பாளரின் பேனா நின்றது. அதிகாரியைப் பார்த்தார், பிறகு எழுதினார். பத்தாவது வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "நானும் பாத்தேன். லாரி நின்னுச்சு." அவள் உட்காருவதற்குள் மல்லிகா என்பவள் எழுந்தாள். எட்டுப் பேர் என்றாளே அன்னபூரணி, பதினொரு பேர் எழுந்தார்கள்.

கிராணியின் வேலை போகவில்லை. இந்த உலகில் நீதி அவ்வளவு வேகமாக நடந்துவிடுமா? ஆனால் அந்த வாரமே லாரிச் சாவி ஆபீஸ் மேசையை விட்டு, தோட்டத்து நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரின் கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்கியது. தேவதாஸுக்கு அந்தக் கமிட்டியின் விசேஷங்கள் போயின. மற்றவர்கள் கூப்பிட்டார்கள். பேசுகிறவர் எவரானாலும் மைக்குக்கு ஒரு சாண் தூரம் என்று கடைக்குள் எழுதி மாட்டினான்.

இனி நீங்கள் போகும் கூட்டத்தில் ஒரு பெண் பேசி, கூம்பு ஊளையிட்டால் சிரிக்காதீர்கள். எழுந்து போய் அவளை மைக்கருகே வரச் சொல்லுங்கள். திருகில் கை வைத்திருப்பவனிடம், "அவள் வாயை மூடினாலும் அது கத்துமே, அது யார் குரல்?" என்று கேளுங்கள். அவன் பதில் சொல்லும்வரை அங்கேயே நில்லுங்கள்.