மாமி வீட்டு மாடியில் கிறிஸ்துமஸ் மீன்

மயிலாப்பூரில் குளத்தைத் தாண்டி ஒரு தெருவில், மாடியில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கு ஒரு வருஷம் சமைத்துப் போட்டேன். தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். வெள்ளைக்காரர்கள் என்றால் லண்டன், அமெரிக்கா இல்லை, போலந்து. அப்படி ஒரு தேசம் இருப்பதே அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. அவர் கணக்கு வாத்தியார், அந்த அம்மா பாட்டு டீச்சர். அவர்களும் எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்பதால் எங்கள் சாமியார்தான் என்னை அங்கே சேர்த்துவிட்டார்.

கீழ் வீட்டில் வீட்டுக்கார மாமியும் மாமாவும். மாடியைக் கொடுக்கும்போதே மாமி ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்: மீன், கறி, முட்டை எதுவும் மாடி ஏறக் கூடாது. அவர்கள் சரி என்றார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்கள். முட்டை தின்ன ஆசை வந்தால் இரண்டு பேரும் சைக்கிளில் ராயப்பேட்டைப் பக்கம் ஹோட்டலுக்குப் போய்விட்டு வருவார்கள். நான் பட்டினப்பாக்கத்துக்காரி, மீன்காரக் குடும்பம். ஆனாலும் அந்தச் சமையலறையில் சாம்பாரும் உருளைக்கிழங்கும்தான்.

டிசம்பர் பாதியில் ஒரு நாள் டீச்சரம்மா என்னை உட்காரவைத்துப் பேசினார். தமிழைத் துண்டு துண்டாகப் பேசுவார், ஆனால் புரியும்.

"எங்க ஊர்ல கிறிஸ்துமஸ் முன்னாடி நாள் பெரிய நாள். கறி இல்ல. விரதம். முதல் நட்சத்திரம் வந்தா சாப்பாடு. மீன் வேணும். மீன் இல்லன்னா அந்த நாள் இல்ல."

பிறகு அவரே கேட்டார், "மாமிகிட்ட நீங்க கேக்கறீங்களா? என் தமிழ் தப்பா போயிடும். மாமி வேண்டாம்னா, பரவாயில்ல. உருளைக்கிழங்கு."

நான் தலையாட்டினேன். எனக்கு வாய் வராது. பஸ்ஸில் காலை மிதித்துக்கொண்டு நிற்கிறவரிடம்கூடக் காலை எடுங்கள் என்று சொல்லமாட்டேன். கீழே இறங்கி மாமியின் கொல்லைப்புறக் கதவண்டை போய் நின்றேன். மாமி அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல மாமி. அவங்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளு விரதமாம்."

"அப்படியா! அவாளும் விரதம் இருப்பாளா? நன்னாயிருக்கே." மாமிக்கு முகமெல்லாம் சந்தோஷம். "மார்கழியில நம்பளைப் போலவே!"

அதற்கு மேல் மீன் என்று எப்படிச் சொல்வது? மேலே ஏறிப் போனேன். டீச்சரம்மா வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். "மாமி சரின்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை. அந்த முகத்தைப் பார்த்து வேறெதுவும் சொல்ல வரவில்லை. அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. மாடியில் பொரித்தால் நாற்றம் தெருமுனை வரைக்கும் போகும் என்று வஞ்சிரத்தை வீட்டிலேயே மிளகாய் குறைத்துப் பொரித்தேன். என் வீட்டுக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இன்னாமே இது, ஐயரு வூட்டு மாடிக்கு மீனு போவுதா? வலையில சிக்குன நாள்லருந்து இந்த மீனுக்கு இப்பிடி ஒரு யோகம் வந்ததில்ல."

"சும்மா இருய்யா."

"தொரைக்கு முள்ளு எடுக்கத் தெரியுமா? தொண்டையில மாட்டிக்கினு கத்தினா மாமி ஓடியாரப் போவுது."

தூக்குப் பாத்திரத்தில் வைத்து, மேலே கொத்துமல்லிக் கட்டைப் போட்டு மூடி, பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். கோயில் வீதியில் ஒவ்வொரு வாசலிலும் கோலத்தில் பூசணிப்பூ. எதிரே வந்தவர்களெல்லாம் என் பையையே பார்ப்பதுபோல இருந்தது.

மாடியில் மேசைக்கு வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள். துணிக்கு அடியில் பால்காரரிடம் வாங்கிய கொஞ்சம் வைக்கோல். இயேசு பிறந்தது மாட்டுக் கொட்டகையில் அல்லவா, அதனால் அவர்கள் ஊரில் அப்படி. அவர்கள் இரண்டு பேர், எனக்கு ஒரு தட்டு, அதற்கு மேலும் ஒரு தட்டு இருந்தது. யார் வருகிறார்கள் என்று கேட்டேன்.

"தெரியாது. யார் வந்தாலும் அவங்களுக்கு. எங்க வீட்ல எப்பவும் ஒரு தட்டு வெப்பாங்க. யாரும் வந்ததே இல்ல" என்று டீச்சரம்மா சிரித்தார்.

மொட்டை மாடியில் நின்று மூன்று பேரும் நட்சத்திரம் பார்த்தோம். சார்தான் முதலில் கண்டுபிடித்துச் சின்னப் பிள்ளைபோலக் கையை நீட்டினார். கீழே வந்து உட்கார்ந்தோம். ஜெபம் சொன்னார்கள். நான் மீன் பாத்திரத்தைத் திறந்து மேசை நடுவில் வைத்தேன். அப்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது.

மாமி. ஒரு கையில் சர்க்கரைப் பொங்கல் கிண்ணம், இன்னொரு கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"விரதம்னாளே, பட்டினியா இருப்பாளேன்னு..." என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். பாதிப் படியிலேயே வாசனை தெரிந்திருக்கும். மேசையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

தம்பதி இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள், சந்தோஷத்தில். டீச்சரம்மா அந்த நாலாவது நாற்காலியை இழுத்துப் போட்டார். "மாமி! இது உங்க தட்டு! யாரும் வந்ததே இல்ல, நீங்க வந்துட்டீங்க! மீனுக்குச் சரி சொன்னீங்க, ரொம்ப தேங்க்ஸ். உங்களுக்குக் கஷ்டம், எனக்குத் தெரியும். ஆனாலும் சரி சொன்னீங்க."

சார் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். மாமி ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு வேலை போவது ஒரு பக்கம், அவர்கள் இந்த வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இருப்பார்கள்? கண்ணீர் வராமல் இருக்க விரலைக் கிள்ளிக்கொண்டு நின்றேன்.

மாமி கிண்ணத்தையும் பழத்தையும் மேசை ஓரத்தில் வைத்தார். பிறகு, "ஆமாம். சொன்னேன்" என்றார். "வருஷத்துல ஒரு நாள்தானே."

உட்கார்ந்தும் விட்டார். முந்தானையால் மூக்கை மூடிக்கொள்ளவில்லை. தான் கொண்டுவந்த பழத்திலேயே ஒன்றை உரித்துத் தின்றார். டீச்சரம்மா தன் அம்மா தபாலில் அனுப்பியிருந்த மெல்லிய அப்பத்தை எடுத்துவந்தார், நம் கோயிலில் கொடுப்பதுபோல வெள்ளையாக இருந்தது. "மாவும் தண்ணியும், வேற ஒண்ணும் இல்ல மாமி" என்று நீட்டினார். ஒருவர் கையில் இருப்பதை இன்னொருவர் பிட்டுத் தின்று நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமாம். மாமி அவர்கள் இரண்டு பேரிடமும் பிட்டுக்கொண்டார். என்னிடம் வந்தபோது, "சௌக்கியமா இரு" என்றார். நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அப்பம் வாயிலேயே கரைந்தது.

பாத்திரம் கழுவிவிட்டுக் கீழே இறங்கியபோது மாமி கிணற்றடியில் நின்றிருந்தார். அந்தக் குளிரில் தலைக்குக் குளித்திருந்தார். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே இருக்கிற மாமாவுக்குக் கேட்கக் கூடாது என்று மெதுவாகப் பேசினார்.

"என்னைக் கேட்டியா நீ?"

"இல்ல மாமி."

"கேட்டிருந்தா மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். அது உனக்கும் தெரியும்."

"தப்புதான் மாமி."

"மீன் போகட்டும். ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. உங்காத்துல மீன் சமைக்கலாம். இருபது நிமிஷ நடை. அவாளை அங்கே அழைச்சுண்டு போய், உக்காத்திவெச்சுப் போட்டிருக்கலாமோன்னோ? ஏன் தோணலை? வரமாட்டேன்னா சொல்லுவா அவா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தோன்றாமல் இல்லை. மீன் என்று டீச்சரம்மா சொன்ன அன்றைக்கே தோன்றியது. ஒற்றை அறை, சுவரில் உப்புப் பூத்த ஈரம், வாசலிலேயே சாக்கடை, உட்காரச் சொல்ல ஒரு நாற்காலி, அதுவும் ஒரு கால் ஆட்டம். அந்தத் தோன்றலை அன்றைக்கே அமுக்கிவிட்டேன். என் வீடு வெளியில் தெரியாமல் இருப்பதற்காக மாமி வீட்டு ஆசாரத்தைக் கெடுத்தேன் என்று அந்தக் கிணற்றடியில் நின்றபோதுதான் எனக்கே விளங்கியது.

"சரி, போ. நாளைக்குப் பண்டிகை உனக்கு" என்று மாமி தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார். அவர் அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலைப் பூசை முடிந்து வீட்டில் மீன் குழம்பு வைத்தேன். எங்கள் பெண்கள் இரண்டு பேருக்கும் கட்டிக்கொடுத்த இடத்தில் பண்டிகை, வரவில்லை. நாங்கள் இரண்டு பேர்தான். என் வீட்டுக்காரர் குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்தார்.

"இம்மாம் குழம்பு யாருக்கு? தொரைங்களுக்கு இன்னிக்கு லீவுதானே, போய்க் கூட்டினு வாமே. இங்க குந்திக்கினு துன்னட்டும். நான் சட்டை போட்டுக்கறேன், போதுமா?"

முந்தின நாள் இரவு மாமி கேட்டது அப்படியே காதில் இருந்தது. போயிருக்கலாம். செருப்பைக்கூட மாட்டினேன். வாசல்படியில் நின்று திரும்பி அறையைப் பார்த்தேன், கொடியில் தொங்குகிற துணி, மூலையில் வலை.

"அவங்க வேற எங்கியோ போறாங்களாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினேன்.

அவர்கள் எங்கேயும் போகவில்லை. பிறந்த ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்து, பண்டிகை நாளில் அந்த மாடியில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். குழம்பு நிறைய மீந்துபோயிற்று. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தேன்.

அதற்கு மறுநாள் வேலைக்குப் போனபோது டீச்சரம்மா கதவைத் திறந்ததும் கேட்டார், "உங்க வீட்ல கிறிஸ்துமஸ் எப்படி? நிறைய பேர் வந்தாங்களா?"

"ஆமாம்மா. உக்கார இடமே இல்ல" என்றேன்.

"நல்லது, நல்லது. எனக்குச் சந்தோஷம்" என்று சொல்லி, எனக்காக எடுத்துவைத்திருந்த இனிப்பு ரொட்டியைக் கொண்டுவர உள்ளே போனார்.