முதலில் போன சில்லு

பெரியப்பா பொய் சொல்கிறார். எங்கள் ஊருக்குள் முதலில் போனவர் அவர் இல்லை.

அடுத்த மாதம் ஊர் வாசிகசாலைத் திறப்பு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்க்கப் போகிறார்களாம். ஆமி பிடித்து வைத்திருந்த காணிகளை விடப்போகிறார்கள் என்ற கதை வந்த காலத்தில், எல்லோரும் பயந்து நிற்க, பற்றைக் காட்டுக்குள்ளால் நடந்து போய்த் தன் வீட்டு முற்றத்தில் முதற் காலடி வைத்த துணிச்சல்காரர் என்று நோட்டீசில் அடித்திருக்கிறார்கள். முதலில் போனது ஒரு சைக்கிள். அதை ஓடியது நான். அப்போது எனக்கு எட்டு வயது.

அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவிஸில் இருந்து லீவில் வந்த மாமா, தன் மகனுக்குச் சிறிதாகிவிட்டது என்று கழற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது. மண் மேடுகளில் ஏறிப் பாய்வதற்கென்றே செய்தது. சட்டம் குட்டை. இருக்கை மிகவும் பதிவு, உயர்த்தவும் முடியாது. மட்கார்ட் இல்லை, கரியர் இல்லை, பெல் இல்லை. ஒரே கியர். பிரேக் பின்னுக்கு மட்டும். முன்னுக்கு ஸ்பிரிங், பின்னுக்கு ஒன்றும் இல்லை. டயர் மட்டும் மோட்டார் சைக்கிள் டயர் போல மொத்தம்.

ஊரிலிருந்து இடம்பெயர்ந்து கோப்பாயில் நாங்கள் இருந்த ஒழுங்கையின் முகப்பில் சைக்கிள் திருத்துகிறவர் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “உதென்ன பிள்ளை, பாதிச் சைக்கிள்? மிச்சத்தை மாமா சுவிஸிலை விட்டிட்டு வந்திட்டாரோ?” என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்தில் ஏறிப் பாய மேடு எங்கே இருக்கிறது? ஆகவே நான் அதைத் தோட்டக் காணிகளிலும் பனங்கூடல்களிலும் தூரம் தூரமாக ஓடினேன். அது அதற்கான சைக்கிள் இல்லை. இருந்து மிதித்தால் முழங்கால் நெஞ்சில் இடிக்கும். எழும்பி நின்றே ஓட வேண்டும். தொடை எரியும். ஒவ்வொரு கல்லும் நேரே முதுகெலும்பில் குத்தும். ஆனால் மற்றவர்களின் சைக்கிள் புதைகிற மணலில் இது புதையாது. வேர் குறுக்கே வந்தால் ஹாண்டிலைக் கொஞ்சம் தூக்கினால் போதும், முன் சில்லு ஏறிவிடும். பின்னால் அகலமாக ஒரு தடம் விழும். அதைத் திரும்பிப் பார்ப்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

பெரியப்பாவுக்கும் அந்தத் தடம் பிடித்திருந்தது. ஒருநாள் அவர் முற்றத்தில் குந்தியிருந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் பாதத்தை அந்தத் தடத்துக்குள் வைத்துப் பார்த்தார். முன்பாதம் விரல்களோடு சரியாக உள்ளே அடங்கியது. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நாங்கள் அவருடைய வீட்டுப் பின்னறையில்தான் இருந்தோம். அப்பா கட்டாரில். அடுத்த சனிக்கிழமை அம்மா தெரிந்தவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். ஊரைப் பார்க்கப் போகிறோம், சைக்கிளையும் எடு என்றார். பெரியப்பாவின் மகனுக்கு என்னைவிட இரண்டு வயது கூட. என்னைவிட நன்றாகச் சைக்கிள் ஓடுவான். அவனும் வரட்டும் என்றேன். அவனுக்குக் காய்ச்சல் என்றார் பெரியப்பா. நாங்கள் வெளிக்கிடும்போது அவன் ஒழுங்கையில் பந்து போட்டுக்கொண்டிருந்தான்.

சித்தப்பாவின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் சைக்கிளை ஏற்றினார்கள். சித்தப்பாவின் மைத்துனரும் வந்தார். ஊருக்குப் போகிற றோட்டு இன்னும் மூடியிருந்தது. உள்ளே வீடுகளின் கதவு நிலைகளை யாரோ கழற்றுகிறார்கள் என்று கதை. அதனால் பின்பக்கப் பனங்கூடலால் போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்திருந்தார்கள். முட்கம்பி விழுந்து கிடந்த ஓரிடத்தில் இறக்கினார்கள்.

மிதிவெடி என்றால் என்னவென்று தெரியாத பிள்ளை இல்லை நான். பள்ளிக்கூடத்தில் படம் காட்டியிருந்தார்கள். சிவப்புப் பலகை கண்டால் போகக்கூடாது. அங்கே பலகை இல்லை. இருந்தாலும் கேட்டேன்.

“எல்லாம் எடுத்தாச்சு. நீ முன்னாலை ஓடு, நாங்கள் வாறம்,” என்றார் பெரியப்பா.

சித்தப்பா அவரிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. “உவளின்ரை பாரத்துக்கு ஒண்டும் செய்யாது அண்ணை.”

சைக்கிளைப் பற்றித்தான் சொல்கிறார், டயர் காற்றுப் போகாது என்கிறார் என்று நினைத்தேன். எனக்கு மிதிவெடியைத் தெரியும். பெரியப்பாவைத்தான் தெரியாது.

ஓடினேன். பட்டப்பகல். ஆனால் காகம் கத்தவில்லை. நாயும் இல்லை. பனைகளில் பாதிக்குத் தலை இல்லை. கூரையில்லாத வீடுகளுக்குள் மரங்கள் நின்றன, ஆட்கள் நிற்பதுபோல, ஜன்னலுக்கு ஒன்றாக. ஒரு வீட்டுக் கொடிக்கம்பி இன்னும் இறுக்கமாகக் கட்டியபடியே இருந்தது. என் செயின் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டு ஆண்கள் மூன்று பேர் சேர்ந்தால் வாய் மூடமாட்டார்கள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பெடலில் நின்றபடி திரும்பிப் பார்த்தேன்.

வெகுதூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். மூவரும் தலையைக் குனிந்து, என் டயர்த் தடத்துக்குள் மட்டும் காலை வைத்து, கயிற்றில் நடப்பதுபோல வந்தார்கள். ஒருவருடைய முகமும் தெரியவில்லை, உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

நான் நின்றேன். அவர்களும் நின்றார்கள். கிட்ட வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வெயிலுக்குள் மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள். எனக்குப் பயம் பிடித்தது. சைக்கிளைத் திருப்பினேன்.

“வராதை,” என்றார் பெரியப்பா. குரல் அவருடையது போலவே இல்லை. “திரும்பாமல் அப்பிடியே போ.”

நான் போனால் வந்தார்கள். நின்றால் நின்றார்கள். இடைவெளி மட்டும் குறையவில்லை.

பெரியப்பாவின் ஊர் வீடு நின்றது. கூரை இல்லை, நிலைகள் இல்லை. முற்றம் முழுக்கப் புல். பெரியப்பா வேலியடியில் நின்றுகொண்டு கையால் வட்டம் போட்டுக் காட்டினார். முற்றத்தை ஒரு சுற்று ஓடச் சொன்னார். ஓடினேன். கிணற்றடியை ஒரு சுற்று. அதையும் ஓடினேன். வாசற்படி வரை போய் வரச் சொன்னார். போய் வந்தேன். தொடை எரிந்தது. ஆனால் என்ன சந்தோஷம் தெரியுமா? வேறு யாரும் என்னை இவ்வளவு நேரம் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் வந்தார். என் தடத்தில் நடந்து வாசற்படியில் கால் வைத்தார். சுவரைத் தொட்டு அழுதார். ஒரு பிடி மண்ணை லேஞ்சித் துணியில் முடிந்தார். நோட்டீசில் இருக்கிற முதற் காலடி அதுதான்.

திரும்பும்போது அவர்கள் முன்னால் போனார்கள். வந்த தடத்திலேயே, வேகமாக. நான் கடைசியாக வந்தேன். வழியில் எனக்கு இரண்டு டொஃபி கிடைத்தது.

அன்று பின்னேரம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “ரயில்பெட்டி மாதிரி என்ரை தடத்திலையே வந்தவை அம்மா.”

அம்மா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். “எவ்வளவு தள்ளி வந்தவை?” என்று மட்டும் கேட்டார். கிணற்றடியிலிருந்து வாசற் படலை வரை கையை நீட்டிக் காட்டினேன்.

அம்மா தேங்காய் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு போய்ச் சைக்கிளைச் சரித்துப் போட்டு டயரை வெட்டத் தொடங்கினார். அந்த மொத்த டயர் லேசில் வெட்டுப்படவில்லை. மூச்சிரைக்க அறுத்தார். பெரியப்பா விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் இருந்துகொண்டு அம்மாவால் டயரைத்தான் வெட்ட முடிந்தது.

நான் குழறி அழுதேன். அம்மாவுக்கு விசர் என்று கத்தினேன். பல நாள் அம்மாவோடு கதைக்கவில்லை. பெரியப்பாவின் மடியில் போய் இருந்துகொண்டு அம்மாவைப் பற்றிக் கோள் சொன்னேன். அவர் என் தலையைத் தடவினார். உலகத்தில் என்னில் அன்பான ஒரே ஆள் அவர்தான் என்று அப்போது நினைத்தேன்.

அடுத்த வருடம் றோட்டுத் திறந்தபோது பஸ்ஸில் போனோம். அந்தப் பனங்கூடலுக்குள் முகத்தில் கண்ணாடி மறைப்புப் போட்டவர்கள் முழங்காலில் இருந்து மண்ணைச் சாண் சாணாகத் தடவிக்கொண்டிருந்தார்கள். சுற்றிவரச் சிவப்புத் தடிகள். நான் ஜன்னலால் எட்டி என் தடம் தெரிகிறதா என்று தேடினேன். அம்மா என் தலையைப் பிடித்துத் தன் மடிக்குள் அமுக்கிக்கொண்டார். மூச்சு முட்டுகிறது என்று நான் சண்டை பிடித்தேன்.

போன வருடம் சித்தப்பாவிடம் நேரே கேட்டேன். “பாரமில்லாத பிள்ளைக்கு வெடிக்காது எண்டுதான் நம்பினனாங்கள் பிள்ளை,” என்றார். “அப்ப ஏன் அவ்வளவு தள்ளி வந்தனீங்கள்?” என்றேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

பெரியப்பா, விழா அன்று நான் முன்வரிசையில் இருப்பேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவேன். பொன்னாடை போர்த்தபின் மைக்கை உங்கள் கையில் தருவார்கள். மண் எடுத்த கதையைப் பிறகு சொல்லுங்கள். அந்த முற்றத்தை முதலில் சுற்றியது யார் என்று சொல்லுங்கள். அன்று உங்கள் மகனுக்கு உண்மையிலேயே காய்ச்சல்தானா என்பதையும், ஊர் முழுக்கக் கேட்க, அந்த மைக்கில் சொல்லுங்கள்.